பன்றித் தோலில் மொறுமொறு வறுவல்

பண்டிகைக்குப் பன்றி வெட்டினால் இறைச்சியை எடுத்துக்கொண்டு தோலை நாய்க்குப் போட்டுவிடுகிறோம். அந்தத் தோலிலேயே பிள்ளைகளுக்கு நல்ல நொறுக்குத் தீனி செய்யலாம்.

முடியைச் சுரண்டிக் கழுவிய தோலை உப்புத் தண்ணீரில் ஒரு மணித்தியாலம் அவியுங்கள். மெத்தென்று ஆனதும் உட்பக்கக் கொழுப்பை வழித்தெடுத்து, தோலை விரல் அகலத் துண்டுகளாக வெட்டுங்கள். வழித்த கொழுப்பை உருக்கினால் அதுவே பொரிக்கிற எண்ணெய்.

நம்ம பக்கத்து மழைக்கு வெயிலை நம்ப முடியாது. துண்டுகளை அடுப்புக்கு மேலே ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். தொட்டால் விறைப்பாக இருக்க வேண்டும். உள்ளே மிஞ்சுகிற கொஞ்ச ஈரம் நல்ல சூட்டில் ஆவியாகி, தோலைப் பொரி மாதிரி உப்ப வைக்கும். காயாத தோலைப் போட்டால் எண்ணெய் வெடித்துத் தெறிக்கும்.

லயத்துக் காம்பராவில் அடுப்பும் பிள்ளைகளும் பக்கத்துப் பக்கத்திலேதானே! பொரிக்கும்போது பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுங்கள். தாச்சியில் பாதிக்கு மேல் எண்ணெய் வேண்டாம். துண்டுகளைச் சிறுகச் சிறுகப் போடுங்கள். எண்ணெய் பட்டுவிட்டால் 20 நிமிடம் பச்சைத் தண்ணீரை ஓடவிடுங்கள்; பற்பசை, மண்ணெண்ணெய் எதுவும் பூசாமல் டிஸ்பென்சரிக்குப் போங்கள்.

பிரஷர் உள்ள பெரியவர்களுக்கு இரண்டு துண்டு போதும்.