மருந்தின் ஆயுள்

நாள்பட்ட ஆஸ்பிரின் புட்டியைத் திறந்தவுடன் காடியின் நெடி மூக்கைத் துளைக்குமானால், காற்றின் ஈரம் அம்மாத்திரையைச் சிறுகச் சிறுகச் சிதைத்து, சாலிசிலிக் அமிலமாகவும் அசெட்டிக் அமிலமாகவும் பிரித்துவிட்டது என்பதே அதன் தாத்பரியம். உஷ்ணம் ஏற ஏற ரசாயன மாற்றத்தின் வேகமும் மிகுவதை 1889-ல் சுவீடன் தேசத்து விஞ்ஞானி அர்ரேனியஸ் சமன்பாடொன்றால் விளக்கினார். அந்தத் தத்துவத்தை ஆதாரமாகக் கொண்டே, இன்று மருந்தை 40 டிகிரி செல்சியஸ் உஷ்ணத்திலும் 75 சதவிகித ஈரப்பதத்திலும் 6 மாதம் வைத்துச் சோதித்து, அதன் ஆயுளை முன்கூட்டியே மதிப்பிடுகிறார்கள். மாத்திரையா, திரவமா என்று தீர்மானிக்குமுன் மூலப்பொருளின் இந்தச் சுபாவங்களை ஆராய்வதே பார்மசி மாணவர் கற்கும் முக்கியமான பாடம் (மனப்பாடத்துக்கு அடங்காத பாடமுங்கூட). நீரில் கரைந்த ஆஸ்பிரின் நெடுநாள் நில்லாது என்பதனாலேயே அது பாகு மருந்தாக வருவதில்லை. ஈரமும் உஷ்ணமும் மருந்தைக் கெடுக்கும்; ஆகவே, மருந்துப் பெட்டியைக் குளியலறையிலோ அடுப்பங்கரையிலோ வைக்காதீர்கள்.