மழையில் நின்று வாங்கிய கோப்பை

நம் ஊர் டீக்கடை இரட்டைக் குவளையை அறிந்தவர்களுக்கு பாப்வா சூகோலத்தின் கதை புதிதாக இருக்காது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், வெள்ளையர் கோல்ஃப் மைதானத்தில் பை சுமக்கும் வேலை பார்த்தவர் அவர். இந்திய வம்சாவளி. எழுதப் படிக்கத் தெரியாது. சொல்லித்தர ஆளில்லை, தானே ஆடிப் பழகினார். வலக்கைக்காரர்கள் மட்டையில் வலது கையைக் கீழே வைத்துப் பிடிப்பார்கள். இவருக்கு இடது கைதான் கீழே. பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள்!

அந்தப் பிடியோடுதான் 1959இல் நெதர்லாந்து போய், டச்சு ஓப்பன் பட்டத்தை வென்றார். 1960, 1964 ஆண்டுகளிலும் வென்றார்.

சொந்த ஊரில் நடந்தது வேறு. 1963இல் டர்பனில் நடந்த நேட்டால் ஓப்பனில் வெள்ளையர்களோடு ஆட அனுமதி கிடைத்தது. ஜெயித்தும் விட்டார். ஆனால் கிளப் கட்டடத்துக்குள் வெள்ளையர் அல்லாதவர் நுழையக் கூடாது. அன்று மழை. தோற்றவர்கள் உள்ளே இருக்க, ஜெயித்தவர் வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். அந்தப் புகைப்படம் உலகப் பத்திரிகைகளில் வந்து, நிறவெறி அரசைச் சந்தி சிரிக்க வைத்தது.

அரசு திருந்தியதா? 1965இல் அதே போட்டியில், மாஸ்டர்ஸ் பட்டம் வென்ற கேரி பிளேயரையே முந்தினார் பாப்வா. அடுத்து வந்தது பாராட்டு அல்ல, தடை. வெள்ளையர் போட்டிகளில் ஆட அனுமதி மறுக்கப்பட்டது. ஆட்டம்தான் அவருக்குப் பிழைப்பு.

1978இல் வறுமையில் இறந்தார். டர்பனில் ஒரு பொது கோல்ஃப் மைதானத்துக்குப் பின்னாளில் அவர் பெயரை வைத்தார்கள்.