மூவர் கூடி இசைத்த தட்டுகள்

மேனாட்டுச் சாஸ்திரிய இசை என்றவுடன், பல வாத்தியங்கள் ஒருங்கே முழங்கும் பெரும் பல்லியத்தையே நம்மிற் பலர் நினைக்கின்றோம். ஆயின், அவ்விசையின் நுண்மையை அறிய விரும்புவோர் நாடவேண்டியது, மூவர் நால்வராய்ச் சிலர் மட்டுங் கூடி வாசிக்கும் அறையிசையையேயாம். முற்காலத்தில் மாளிகைகளின் அறைகளில் நிகழ்ந்தமையால் இப்பெயர் வந்தது. இங்கே கோல் கொண்டு நடத்துவார் இல்லை. நமது கச்சேரிகளிற் போலப் பக்கவாத்தியம் என்ற நிலையும் இல்லை. ஒரு கணம் முன்னின்றவர் மறுகணம் பிறருக்கு வழிவிட்டு அடங்குவர். வாசித்தலினும் கேட்டலே இங்கு அரிய கலை.

இவ்வுண்மையை விளக்கும் சிறந்த சான்றாக ஒரு மூவர் குழுவின் இசைத்தட்டுகளைக் கூறலாம். பியானோ வாசித்தவர் அல்பிரட் கோர்ட்டோ. வயலின் வாசித்தவர் ஜாக் திபோ. வயலினிலும் பெரிதாய், முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வாசிக்கப்படும் செலோவைக் கையாண்டவர் கத்தலோனியரான பப்லோ கசால்ஸ். மூவரும் தனித்தனியே பெரும்புகழ் படைத்தவர்கள். 1905ஆம் ஆண்டளவில் நட்பின் பொருட்டு ஒன்றுசேர்ந்த இவர்கள், ஷூபெர்ட்டின் பி-பிளாட் மூவர் உருப்படியை 1926இலும், பீத்தோவனின் ‘ஆர்ச்டியூக்’ உருப்படியை 1928இலும் இலண்டனிற் பதிவு செய்தனர். கிராமபோன் முன் நாய் அமர்ந்திருக்கும் படத்தால் நம்மவர் நன்கறிந்த நிறுவனமே அவற்றை வெளியிட்டது.

அக்காலப் பதிவின் இடர்களையும் நாம் அறிதல் வேண்டும். மின்சார ஒலிவாங்கி கொண்டு பதியும் முறை 1925இலேதான் வழக்கிற்கு வந்தது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பெரிய தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய நாலரை நிமிடங்களையே கொள்ளும். எனவே, அரைமணி நேரத்துக்கு மேற்பட்ட உருப்படியொன்று ஏழெட்டுத் துண்டுகளாக வகுக்கப்பட்டது. மெழுகில் நேரே பதிந்தமையால், வெட்டி ஒட்டித் திருத்தவும் வழியில்லை. ஒருவர் பிழைத்தால் மூவரும் அப்பக்கத்தை முதலிலிருந்து மீண்டும் வாசித்தல் வேண்டும். ஒருவர்மீதொருவர் கொண்ட நம்பிக்கையே அவர்களுக்குத் துணையாயிற்று.

ஷூபெர்ட் உருப்படியின் இரண்டாம் பகுதியைச் செவிமடுத்துப் பாருங்கள். பியானோ மெல்ல அசைந்து களம் அமைக்க, செலோ ஓர் இன்னிசையைத் தொடங்குகின்றது. சிறிது பொழுதில் வயலின் அதனைத் தன்பால் ஏற்கின்றது. அப்போது செலோ வாய்மூடி விடுவதில்லை. தாழ்ந்த குரலில் மறுமொழி கூறி உடன் செல்கின்றது. பின்னர் பியானோவின் முறை வருகின்றது. மூன்று குரல்கள், உரையாடல் ஒன்றே.

ஆனால், தட்டில் ஒன்றுபட்ட அம்மூவரைக் காலம் பிரித்தது. 1930களில் குழு கலைந்தது. ஸ்பானிய உள்நாட்டுப் போரில் குடியரசு வீழ்ந்தபின் கசால்ஸ் பிரான்சின் எல்லையூராகிய பிராட்டில் அகதியாய்த் தங்கினார். இரண்டாம் உலகப் போரின்போது கோர்ட்டோவோ விஷி அரசிற் பதவி ஏற்றார். ஜேர்மனியிலும் சென்று வாசித்தார். போர் முடிந்தபின் அதன் பழியையும் தண்டனையையும் ஏற்க நேர்ந்தது. திபோ 1953இல் விமான விபத்தில் மாண்டார். எஞ்சிய இருவரும் 1958இல் பிராட்டில் மீண்டும் ஒரே மேடையில் அமர்ந்து பீத்தோவனை வாசித்தனர். கோர்ட்டோவுக்கு வயது எண்பது கடந்திருந்தது. கசால்ஸ் அவரினும் சில மாதங்கள் மூத்தவர். கோர்ட்டோ 1962இலும் கசால்ஸ் 1973இலும் மறைந்தனர்.

கலைஞனின் பிழையை அவன் கலை மன்னித்துவிடும் என்று நாம் கூறவில்லை. அவன் பிழை அவன் கலையைப் பொய்யாக்கிவிடும் என்றும் கூறத் துணியோம். பழைய நண்பனோடு மறுபடியும் அமர்ந்து வாசித்த கசால்ஸின் செயலே இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியொன்றைக் காட்டுகின்றது.

இன்று இப்பதிவுகள் புத்துருப் பெற்று எளிதிற் கிடைக்கின்றன. ஊசி உரசும் ஒலி சற்றே இடையூறு செய்யலாம், பொறுத்துக் கேளுங்கள். ஒரே வாங்கில் அமர்ந்து கற்றுப் பின்னர் திசைக்கொருவராய்ப் பிரிந்த நமக்கு, அம்மூவரின் உரையாடல் அயலாருடையதாகத் தோன்றாது.