கண்ணாடிக் கவருக்கு என்ன நிறம்?

கடைகளில் கடலை மிட்டாய் வாங்கும்போது கை போவது கவருக்குள் தெரியும் வெல்லப்பாகின் நிறத்தைப் பார்த்துத்தான். மிட்டாயைச் சுற்றியிருக்கும் கண்ணாடிக் கவரின் நிறத்தை யாரும் கேட்பதில்லை. நிறமே இல்லையே என்போம். ஆனால் நூறு கவர்களை அடுக்கி ஓரமாகப் பாருங்கள். லேசான மஞ்சளோ நீலமோ தட்டுப்படும்.

வேட்டியின் நிறம் அதன்மேல் பட்டுத் திரும்பும் ஒளியில் இருக்கிறது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கின் நிறமோ அதைக் கடந்து வரும் ஒளியில் இருக்கிறது. அதை அளக்கும் கருவி நிறமாலை ஒளிமானி. முதலில் எதையும் வைக்காமல் வரும் வெளிச்சத்தை 100 என்று குறித்துக்கொள்ளும். பிறகு பிளாஸ்டிக்கை நடுவில் வைத்து, 400 முதல் 700 நானோமீட்டர் வரை ஒவ்வொரு அலைநீளத்திலும் எவ்வளவு மிஞ்சியது என்று பார்க்கும். நீலப் பகுதியில் குறைந்தால் பொருள் மஞ்சள்.

இங்கே தடிமன் முக்கியம். உள்ளே 1 மி.மீ. கடக்கையில் 90 சதவீத ஒளி மிஞ்சினால், 2 மி.மீட்டரில் 81, மூன்றில் 73. அதனால் தடிமனைச் சொல்லாத அளவுக்குப் பொருளில்லை. இன்னொரு சிக்கல் மங்கல். அரிசி கழுவிய தண்ணீரைப் போல ஒளியைச் சிதறடிக்கும் பிளாஸ்டிக்கில், நேராக வருவதை மட்டும் பிடித்தால் கணக்கு தப்பும். ஆகவே உட்புறம் வெள்ளை பூசிய கோளம் ஒன்று சிதறியதையும் சேர்த்துப் பிடிக்கும். 2.5 பாகைக்கு மேல் விலகும் ஒளியின் பங்கே மங்கல் அளவு.

விடை மூன்று எண்களாக வரும். 1976-இல் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் வகுத்த முறை இது: எல் வெளிச்சம், ஏ சிவப்பு-பச்சை, பி மஞ்சள்-நீலம்.

உருக்கும் சூடும் கரிசல் வெயிலும் பிளாஸ்டிக்கைப் பழுக்க வைக்கும், பி ஏறும். பாட்டில் செய்பவர்கள் அதற்குத் துளி நீலச் சாயம் கலப்பதுண்டு. வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடும் அதே வித்தைதான். மஞ்சள் மறையும், பி இறங்கும். ஆனால் நீலம் மஞ்சளை அழிப்பதில்லை, தானும் கொஞ்சம் ஒளியை விழுங்குகிறது. எல்லும் கூடவே இறங்கும். கண்ணை ஏய்க்கலாம், கருவியின் கணக்கில் அந்த நஷ்டம் பதிந்துவிடும்.