எல்லைச் சரிவும் அண்டை வீட்டார் உரிமையும்

கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, செம்மேட்டுக்கு அருகே வசிக்கும் மிளகு வணிகரான அன்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்ற ஆண்டு போயிருந்தேன். வீட்டின் பின்புறம் ஓர் அறையும் சமையற்கட்டும் சேர்த்துக் கட்ட அவர் எண்ணியிருந்தார். பின்னாலுள்ள மேட்டில், எல்லையிலிருந்து மூன்றடி தள்ளி, மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவரின் வீட்டுச் சுவர் நிற்கிறது. எல்லைவரை சரிவை வெட்டினால்தான் அறை அமையும். பெரியவரோ வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

“ஹஜ்ரத், என் பட்டா நிலத்தில் நான் கட்டுவதை மார்க்கம் தடுக்கிறதா?” என்று அன்பர் கேட்டார். குரலில் சற்றே கோபமும் இருந்தது.

சமவெளியில் இக்கேள்விக்கு விடை எளிது. மலையிலோ, கீழே நிற்பவர் தம் மண்ணை வெட்டும்போது மேலே நிற்பவரின் கடைக்காலுக்குரிய பிடிமானமும் போய்விடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் இறங்கினால், செங்குத்தாக வெட்டிய மண் தானே சரியும்.

சொந்த நிலத்தில் விரும்பியதைச் செய்ய உரிமையுண்டு என்பதே சட்ட அறிஞர்களின் அடிப்படைக் கொள்கை. ஆனால் வழக்கத்திற்கு மீறிச் செய்து அண்டை வீட்டாருக்குச் சேதம் விளைந்தால் ஈடு செய்ய வேண்டுமென்பது ஷாஃபிஈ சட்ட நூல்களின் தீர்ப்பு. பிற்கால ஹனஃபி அறிஞர்கள் இன்னும் ஒருபடி சென்று, வெளிப்படையான தீங்கை முன்னரே தடுக்கலாம் என்றனர். உதுமானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை வெளியான ‘மஜல்லா’ சட்டத் தொகுப்பு இதனை விரித்துரைக்கிறது. அடுத்த வீட்டுக் கட்டடத்தைப் பலவீனப்படுத்துவதும், ஓர் அறையின் வெளிச்சத்தை முற்றிலும் மறைப்பதும், பெண்கள் புழங்கும் முற்றமும் கிணற்றடியும் தெரியுமாறு சன்னல் வைப்பதும் மிகைத் தீங்குகள். காற்றோ காட்சியோ மறைவது மட்டும் அவ்வாறு ஆகாது. ஆகவே, அண்டை வீட்டார் முகம் சுளிப்பதெல்லாம் தடையாகிவிடாது என்பதையும் அன்பருக்குச் சொன்னேன்.

அவருடைய சுவரில் அண்டை வீட்டார் உத்தரம் பதிக்கக் கேட்டாலும் மறுக்கலாகாதெனப் பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்ததை அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் அது பதிவாகியுள்ளது. இது கட்டாயமா, விரும்பத்தக்கதா என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும், கேட்டவர்கள் முகம் திருப்பியபோது அபூஹுரைரா (ரலி) அவர்கள் கடிந்துகொண்ட விதம் எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும்.

“அவர் நம்மவர் அல்லரே” என்று அன்பர் மெல்ல இழுத்தார். தம் இல்லத்தில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வினவியதை எடுத்துச் சொன்னேன். அதன்பின் அவர் அப்பேச்சை எடுக்கவில்லை.

அஸர் தொழுகைக்குப் பின் இருவரும் மேட்டுக்கு ஏறினோம். பெரியவர் கட்டில் எடுத்துப் போட்டார். அவர் அஞ்சியது அறையை அன்று, வெட்டை. எல்லையிலிருந்து ஐந்தடி விட்டு, முதலில் கருங்கல் தடுப்புச் சுவர் எழுப்பி, பிறகு அறை கட்டுவதென முடிவாயிற்று. சமையற்கட்டு பக்கவாட்டுக்கு மாறியது. அறையும் இரண்டடி குறுகிற்று. அதில் அன்பருக்கு இன்றும் சிறு வருத்தம் உண்டு. மழை முடிந்து தை பிறந்த பின்னரே மண்வெட்டி விழ வேண்டுமெனப் பெரியவர் கேட்டுக்கொண்டார், அன்பர் இசைந்தார்.