எதிர்க்கரைக் கப்பலும் நம் வலையும்

"நம்ம கப்பலை எதுக்குத் தம்பி இன்னொரு நாட்டுக்குச் சும்மா கொடுக்கணும்?" தஞ்சாவூர் டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி.

சீஷெல்ஸ் என்ற தீவு நாட்டை எடுத்துக்கொள்வோம். ஜனத்தொகை ஒரு லட்சத்தை ஒட்டித்தான். காவல் காக்க வேண்டிய கடலோ 13 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். 2005இல் இந்தியா தன் ரோந்துக் கப்பல் 'தர்முக்லி'யை அவர்களுக்குக் கொடுத்தது. அங்கே அதன் பெயர் 'டோபாஸ்'. 2010 மார்ச்சில், சோமாலியக் கொள்ளையர் பிடித்துவைத்திருந்த ஈரானியப் படகை மறித்தது அந்த டோபாஸ்தான். ஈரானியர் 21 பேரும் சீஷெல்ஸ்காரர் 6 பேரும் மீண்டார்கள். அவ்வளவு பெரிய கடலில் வெளிநாட்டுக் கப்பல் வந்துசேரும்வரை யார் உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது?

கப்பலோடு வேலை முடிவதில்லை. பம்புசெட் கொடுத்துவிட்டு, காயில் எரிந்தால் கட்ட ஆளில்லை என்றால் பயிர் காயத்தான் செய்யும். பழகிய மாலுமி, உதிரிபாகம், டீசல், பிடிபட்டவனைத் தண்டிக்கச் சட்டம் எல்லாம் வேண்டும். சீஷெல்ஸ் 2010இலேயே சட்டத்தைத் திருத்தியது. கடற்கொள்ளைக்கு நாம் தனிச் சட்டம் போட்டது 2022இல்தான்.

நம் காவிரி டெல்டா கடலுக்கு வருவோம். ஆறுகாட்டுத்துறை, செருதூர், வெள்ளப்பள்ளம் மீனவர்கள் ஃபைபர் படகில் கோடியக்கரைக்குக் கிழக்கே வலை விரித்திருப்பார்கள். இருட்டில் வேறு படகுகள் வந்து சூழும். கத்தியைக் காட்டி வலை, ஜிபிஎஸ், வாக்கி டாக்கி, இன்ஜின், பிடித்த மீன் என்று பறிப்பார்கள். தடுத்தவனுக்கு வெட்டு. பல லட்ச ரூபாய்க் கடனில் வாங்கிய சாமான் அரை மணியில் போய்விடும். கொள்ளையர் இலங்கை எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால் நம் கப்பல் துரத்த முடியாது. அந்தப் பக்கம் பிடிக்க வேண்டியது இலங்கைக் கடற்படைதான். அதன் பலம் நம் மீனவனுக்கும் தேவை என்பது இதனால்தான்.

இலங்கைக்கும் இந்தியா உதவியிருக்கிறது. 60 லட்சம் டாலர் கொடுத்துக் கொழும்பில் அமைத்த கடல்மீட்பு ஒருங்கிணைப்பு மையம் 2024 ஜூனில் முறைப்படி தொடங்கியது. அதன் ஆளில்லா நிலையங்களில் ஒன்று பருத்தித்துறையில், கோடியக்கரைக்கு எதிர்க்கரையில் இருக்கிறது.

சிக்கல் ஒன்று உண்டு. எல்லை தாண்டினால் நம் ஆட்களைச் சிறைபிடிப்பதும் அதே இலங்கைக் கடற்படைதான். வெட்டுப்பட்டவன் அவர்களை நம்பி எப்படிக் கூப்பிடுவான்? உதவி கேட்டவனைக் கைதுசெய்வதில்லை என்ற எழுத்துப்பூர்வ உறுதி வேண்டும். தகவல் வந்த இரவே இந்தப் பக்கம் நம் கடலோரக் காவல்படையும் அந்தப் பக்கம் அவர்களும் கிளம்ப வேண்டும். அடுத்து இலங்கைக்குக் கப்பல் கொடுக்கும்போது டெல்லி இதையும் பேசி வாங்கட்டும்.