கிணற்றடிக்கு மறைப்பாகக் கதியால் வேலி

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறி, பின்னர் வட்டுக்கோட்டைக்குத் திரும்பிய குடும்பங்களில் பலரின் வளவில் வேலி இருக்கவில்லை. தகரமும் தறப்பாளும் கிணற்றடியைச் சில மாதங்களே மறைக்கும். அதற்குள் கதியால் போட்டுவிடுங்கள்.

முதலில் எல்லை. காணி உறுதியை எடுத்துக்கொண்டு அயலவரோடு சேர்ந்து பாருங்கள்; பழைய வேலியின் அடிக்கட்டைகள் நல்ல சாட்சி. இணக்கம் வராவிட்டால் கிராம அலுவலரை அழையுங்கள். வேர்விட்ட வேலியைப் பிறகு நகர்த்துவது பெரும் சண்டை. பற்றை வெட்டும்போது வெடிபொருள் போல எதைக் கண்டாலும் தொடாமல் விலகி, உடனே அறிவியுங்கள்.

கிளுவை, சீமைக்கிளுவை, பூவரசு எதுவானாலும் சரி. மணிக்கட்டுப் பருமனில் ஆறடித் தடிகளை வெட்டி, ஐப்பசி மழையோடு ஒரு அடி ஆழத்தில் ஊன்றுங்கள். அலவாங்கால் குழி போட்டு இறக்கவும். அடித்து இறக்கினால் பட்டை உரிந்து தடி பட்டுவிடும். அரை அடிக்கு ஒன்றாக நட்டால் மறைப்பு விரைவில் வரும். குறுக்கே பனைமட்டை வரிச்சுக் கட்டி, முதல் வருடம் கிடுகால் அடையுங்கள்.

துளிர்த்த இளங்கிளைகளை எல்லாம் வெட்டாதீர்கள். பக்கவாட்டில் போவனவற்றை வரிச்சோடு படிய வளைத்து, அடுத்த தடியின் கிளையோடு பின்னிக் கட்டுங்கள். நெருக்கமாக உரசும் இடங்களில் சில ஒன்றாக ஒட்டியும் வளரும். கட்டு மரத்துக்குள் புதையாதபடி ஆண்டுதோறும் தளர்த்திவிடவும். முதல் மாரியில் ஆடுகளை அண்டவிடாதீர்கள். பின்னர் உச்சியில் வெட்டும் குழை ஆட்டுக்கும், மிச்சம் வயலுக்குப் பசளையாகவும் போகும்.